மொரேனா என்றால் மாநிறம்

வேன் நின்றதும் உள்ளே பேச்சும் நின்றது. மெக்சிகோவின் பசிபிக் கரையில், அகபுல்கோவிலிருந்து தென்கிழக்கே போகும் 200ஆம் எண் நெடுஞ்சாலை. 2022 அக்டோபர் 30, பகல் பதினொரு மணி வெயில். சாலையோரத்தில் ஒரு சோதனைச் சாவடி: தார்ப்பாய்ப் பந்தல், நாலு பிளாஸ்டிக் நாற்காலி, சீருடையில் மூன்று பேர். ஒருவர் கதவை இழுத்துத் திறந்து எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். முன்வரிசையைக் கடந்தார், அடுத்ததையும் கடந்தார். பின்சீட்டில் இருந்த இரண்டு பேரை மட்டும் விரலால் சுட்டினார். ஒருத்தி நான். இன்னொருத்தி என் பக்கத்தில் இருந்த பெண், இருபது வயதுக்கு மேல் இருக்காது.

நான் கடவுச்சீட்டையும் குடியிருப்பு அட்டையையும் நீட்டினேன். "இந்துவா? நல்லது, நல்லது. யோகா!" என்று சிரித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அவள் தன் வாக்காளர் அட்டையைக் கொடுத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்த ஊர், எந்த மாநிலம், அப்பா பெயர் என்ன, ஹோண்டுராஸில் யாராவது சொந்தம் உண்டா என்றெல்லாம் கேட்டார். கடைசியில், மெக்சிகோக்காரிதானா என்று பார்க்க, "தேசிய கீதம் பாடு பார்ப்போம்" என்றார்.

பாடினாள். வேனுக்குள் உட்கார்ந்தபடியே, கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு. அவளுக்கு நல்ல குரல். எனக்கு இன்றுவரை உறுத்துவது அதுதான்.

வண்டி கிளம்பிப் போன பிறகு அவளாகவே சொன்னாள்: "இது மூணாவது தடவை. முதல் தடவை அழுகையில வரி மறந்துபோச்சு. இப்ப ரெண்டாவது சரணமும் மனப்பாடம்." அகபுல்கோவில் நர்ஸ் படிப்பு. இறந்தோர் நாளுக்கு ஊருக்குப் போகிறாள். ஊர் குவாஹினிகுயிலாபா. அந்தப் பெயரை முழுசாகச் சொல்ல அந்த ஊர்க்காரர்களுக்கே பொறுமை கிடையாது, குவாஹி என்பார்கள். நானும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தேன்.

கடவுச்சீட்டு வைத்திருந்த வெளிநாட்டுக்காரிக்கு யோகா. பிறந்த மண்ணில் பயணம் செய்கிறவளுக்குப் பாட்டுப் பரீட்சை.

*

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாலு வருடமாக குவாதலஹாராவில் மென்பொருள் சோதிக்கும் வேலை. மெக்சிகோவில் இந்தியரை 'இந்து' என்றுதான் சொல்வார்கள். 'இந்தியோ' என்றால் இந்த மண்ணின் பழங்குடியைக் குறிக்கும், அதுவும் பல நேரம் வசவாக. அதனால் இந்தியாவிலிருந்து வந்த எல்லோரும் இந்துதான். எங்கள் அலுவலகத்தில் ரம்ஜான் நோன்பு பிடிக்கும் ஹைதராபாத் நண்பரும் இந்து. அவர் திருத்திப் பார்த்து ஓய்ந்துவிட்டார்.

நான் நல்ல கறுப்பு. சுருட்டை முடி. சந்தையில் தக்காளி விற்கும் அம்மாக்கள் என்னை "மொரேனா" என்று கூப்பிடுவார்கள். முதலில் அதற்கு என்ன அர்த்தம் என்று தேடினேன். பழுப்பு, கறுத்தவள், வெயிலில் கறுத்தவள் என்று அகராதி நீட்டிக்கொண்டே போனது. சில மாதம் கழித்துத்தான் பொறி தட்டியது. அட, நம்முடைய 'மாநிறம்'! கல்யாண விளம்பரத்தில் 'மாநிறம்' என்று அச்சாகியிருந்தால் பெண் என்ன நிறம் என்று படிக்கிற எல்லோருக்கும் தெரியும். கறுப்பு என்று எழுத எழுதுகிறவருக்குக் கை வரவில்லை என்பதும் தெரியும். மொரேனா அந்த வகைச் சொல்தான்.

குவாதலஹாரா பேராலயத்துக்குப் பின்னால் விடுதலைச் சதுக்கம் என்று ஒரு பெரிய திடல். அங்கே மெக்சிகோவின் விடுதலைப் போரைத் தொடங்கிய பாதிரியார் மிகேல் இதால்கோ அறுந்த சங்கிலியோடு சிலையாக நிற்கிறார். 1810 டிசம்பர் 6 அன்று இந்த ஊரிலிருந்துதான் அடிமை முறையை ஒழிப்பதாக அவர் ஆணை பிறப்பித்தார். அடிமைகளைப் பத்து நாளுக்குள் விடுவிக்காவிட்டால் எஜமானருக்கு மரண தண்டனை. நான் மூன்று வருடம் அந்தச் சிலையைத் தாண்டி நடந்திருக்கிறேன். அந்தச் சங்கிலியை மாட்டியிருந்தவர்கள் யார் என்று கேட்கத் தோன்றவே இல்லை. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கேட்டேன். உடன் வேலை செய்யும் ஒருவர், படித்தவர், நல்லவர், சற்றும் தயங்காமல் சொன்னார்: "மெக்சிகோவில் கறுப்பர்கள் கிடையாதே. யாரையாவது பார்த்திருந்தால் கியூபாக்காரராக இருக்கும்."

சங்கிலி உண்டு, அதை அறுத்தவர் உண்டு, மாட்டியிருந்தவர்கள் மட்டும் இல்லையாம். அன்றைக்குத்தான் படிக்க ஆரம்பித்தேன்.

*

படித்ததில் முதலில் என்னை உட்காரவைத்தது கோதுமை. ஹுவான் கார்ரிதோ என்று ஒருவர். ஆப்பிரிக்காவில் பிறந்தவர், மெக்சிகோவைப் பிடித்த ஸ்பானியத் தளபதி கோர்த்தேஸின் படையோடு வந்தவர். அஸ்தெக் தலைநகரம் 1521இல் விழுந்தபோது அங்கே இருந்தவர். 1538இல் ஸ்பெயின் அரசருக்கு அவர் கொடுத்த மனுவில், இந்த நாட்டில் முதன்முதலில் கோதுமை விதைத்து அறுத்தது நான்தான் என்று எழுதியிருக்கிறார். மெக்சிகோ வரலாற்றில் கறுப்பு மனிதர் நுழையும் இடம் அடிமைச் சந்தைதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெற்றி பெற்ற படையிலும் ஒருவர் வந்திருக்கிறார், ஓய்வுக்காலத்தில் மனு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

ஆனால் பெருங்கூட்டம் சங்கிலியோடுதான் வந்தது. பெரியம்மை முதலான கொள்ளைநோய்கள் பழங்குடி மக்களை வாரிக்கொண்டு போயின. 1542இல் பழங்குடியினரை அடிமையாக்கக் கூடாது என்று ஸ்பெயின் சட்டம் போட்டது. சுரங்கத்துக்கும் கரும்பாலைக்கும் துணிப்பட்டறைக்கும் ஆள் வேண்டும். 1580 முதல் 1640 வரை ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் ஒரே அரசர். ஆப்பிரிக்கக் கரையில் அடிமை வியாபாரம் போர்ச்சுகீசியர் கையில். கப்பல்கள் வெராக்ரூஸில் வந்து கொட்டின. காலனிக் காலம் முழுக்கச் சுமார் இரண்டு லட்சம் பேர் கொண்டுவரப்பட்டதாகச் சொல்கிறார்கள். புதிய ஸ்பெயினில், அதாவது காலனிக் கால மெக்சிகோவில், பல பத்தாண்டுகளுக்கு ஆப்பிரிக்க வழியினரின் எண்ணிக்கை ஸ்பானியரைவிட அதிகம்.

பயமும் அதே அளவுக்கு இருந்தது. 1612ஆம் ஆண்டு புனித வாரத்தில் மெக்சிகோ நகரத்தில் அடிமைகள் கிளம்பப் போகிறார்கள் என்று ஒரு வதந்தி. இரவில் நகருக்குள் ஓட்டி வந்த பன்றிக் கூட்டத்தின் சத்தத்தைக் கேட்டே ஜனங்கள் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு நடுங்கினார்களாம். மே மாதம் ஆண்களும் பெண்களுமாக 35 பேரைத் தூக்கில் போட்டார்கள்.

அதற்கு மூன்று வருடம் முன்புதான் யாங்காவின் கதை. ஒரிசாபா மலைப்பக்கம் 1570 வாக்கில் தப்பியோடி, கூட ஓடிவந்தவர்களைச் சேர்த்து ஊராகவே அமைத்து, முப்பது வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்தவர். 1609இல் படை வந்தபோது அவர் கிழவர். நிர்வாகத்தை அவர் பார்க்க, போரை அங்கோலாவிலிருந்து வந்த பிரான்சிஸ்கோ தெ லா மதோசா என்பவர் பார்த்துக்கொண்டார். படையால் அவர்களை ஒழிக்க முடியவில்லை, உடன்படிக்கை பேச வேண்டி வந்தது. அப்படித்தான் சான் லொரென்சோ தெ லோஸ் நெக்ரோஸ் என்ற சுதந்திர ஊர் வந்தது. இன்று அந்த ஊரின் பெயரே யாங்கா. எனக்கு அந்த உடன்படிக்கையில் ஒரு வரி மட்டும் தொண்டையில் நிற்கிறது. இனிமேல் எஜமானரை விட்டுத் தப்பி வருகிறவர்களை நாங்களே பிடித்துத் திருப்பிக் கொடுப்போம் என்று யாங்காவின் தரப்பு ஒப்புக்கொண்டது. சிலையின் கீழே இதை எழுத மாட்டார்கள். அந்த விலையைக் கொடுத்துத்தான் அவர்கள் பிள்ளைகள் அடிமையாகாமல் பிழைத்தார்கள். அந்த இடத்தில் நான் இருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

பிறகு பெயர் வைக்கும் பைத்தியம். பதினெட்டாம் நூற்றாண்டில் காலனி ஓவியர்கள் கலப்பு மக்களை வகை பிரித்து ஓவியம் வரைந்து பெயர் எழுதினார்கள். அப்பா, அம்மா, பிள்ளை, கீழே ஒரு சமன்பாடு. முலாத்தோ (ஸ்பானியருக்கும் கறுப்பருக்கும் பிறந்த பிள்ளை), லோபோ என்று தொடங்கும். லோபோ என்றால் ஓநாய். போகப்போக வரைந்தவர்களுக்கே சொல் தீர்ந்துவிட்டது. 'பின்னுக்குத் திரும்பு', 'அந்தரத்தில் நில்', கடைசியில் 'நீ எனக்குப் புரியவில்லை'. இதெல்லாம் ஒரு குழந்தையின் இனப் பெயர். நக்கல் இல்லை, சட்டம் போட்ட படத்தின் அடியில் எழுதியிருக்கிறது.

விடுதலைப் போரில் தலைமை ஏற்ற மொரேலோஸ் பாதிரியாருக்கு ஆப்பிரிக்க வழி உண்டு என்பார்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் அவர் 'ஸ்பானியர்'. விசென்தே கெர்ரேரோவுக்கோ மறைக்க வழியில்லை, மறைக்கவும் இல்லை. கோவேறு கழுதையில் சரக்கேற்றும் குடும்பம். 1829இல் நாட்டின் இரண்டாவது அதிபர். அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று நாடு முழுக்க அடிமை முறையை ஒழித்தார். அப்போது மெக்சிகோவோடு இருந்த டெக்ஸாஸில் குடியேறியிருந்த அமெரிக்கப் பருத்திக்காரர்கள் கூச்சல் போட்டு, சில மாதத்தில் தங்கள் பகுதிக்கு விலக்கு வாங்கிக்கொண்டார்கள். ஆண்டு முடிவதற்குள் கெர்ரேரோவின் பதவி பறிபோனது. அகபுல்கோவில் ஒரு இத்தாலியக் கப்பல் தலைவன் அவரை விருந்துக்கு அழைத்தான். அதற்கு அவன் வாங்கிய கூலி 50,000 பெசோ. சாப்பிட்டு முடித்ததும் நங்கூரத்தைத் தூக்கிவிட்டான். 1831 பிப்ரவரி 14 அன்று வஹாக்காவின் குயிலாபான் மடத்தில் சுட்டுக் கொன்றார்கள். நான் வேனில் போய்க்கொண்டிருந்த மாநிலத்துக்கு அவர் பெயர்தான், கெர்ரேரோ. அந்த மாநிலச் சாலையில்தான் அந்தப் பெண்ணைப் பாடச் சொன்னார்கள்.

சரி, இத்தனை பேர் எங்கே போனார்கள்? எங்கேயும் போகவில்லை. 1822இல் புதிய நாடு ஒரு நல்ல காரியம் செய்தது. இனி அரசுக் காகிதங்களில் ஒருவரின் இனத்தை எழுதக் கூடாது, எல்லோரும் குடிமக்கள் என்றது. அருமையான சட்டம், இன்று படித்தாலும் கைதட்டத் தோன்றும். அந்தச் சட்டத்தோடு நாட்டின் கணக்கேட்டிலிருந்து ஒரு மக்கள் கூட்டமே காணாமல் போனது. 1910இல் தொடங்கிய புரட்சிக்குப் பிறகு வந்த அரசுகள் 'நாம் எல்லோரும் மெஸ்தீசோ' என்றன. ஸ்பானிய அப்பா, பழங்குடி அம்மா, நாம் பிள்ளைகள். இந்தக் குடும்பப் படத்தில் மூன்றாமவருக்கு நாற்காலியே போடவில்லை. 1946இல் கொன்சாலோ அகிர்ரே பெல்த்ரான் ஆவணங்களைத் தோண்டி, மெக்சிகோவின் கறுப்பு மக்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். அடுத்து அவர் கள ஆய்வுக்குப் போன ஊர் குவாஹி.

*

குவாஹியில் நான் தங்கிய வீட்டில் மூன்று தலைமுறை. பாட்டிக்கு 78. மகள் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பேரனுக்குப் பத்தொன்பது, பெரும்பாலும் கைபேசியோடு ஊஞ்சல் வலையில். பெயர் போட வேண்டாம் என்று ஆசிரியை கேட்டுக்கொண்டார். பாட்டியை டோன்யா என்று கூப்பிட்டேன், எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவர் என்னை மிஹா என்றார், 'மகளே' என்பது மாதிரி.

போன அன்றைக்கே நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். உங்களை நீங்கள் என்னவென்று சொல்லிக்கொள்வீர்கள் என்று மூன்று பேரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்டுவிட்டேன்.

"மொரேனோ" என்றார் பாட்டி. "நெக்ரான்னு சொல்லிட்டா எங்க காலத்துல சண்டை வரும். கத்தி எடுத்துருவாங்க."

"நெக்ரா" என்றார் மகள், அடுப்படியிலிருந்து, சத்தமாக. கறுப்பி என்று அர்த்தம்.

"ஆஃப்ரோமெஹிக்கானோ" என்றான் பேரன்.

பாட்டி சிரித்துவிட்டார். "பாரு, இவனுக்கு நாக்குல பாரம் தாங்குது."

ஆசிரியை இளம் வயதில் எல் சிருவேலோ என்ற ஊரில் நடந்த கூட்டத்துக்குப் போனவர். அது 1997. மாநில எல்லையைத் தாண்டி வஹாக்காப் பக்கம் இருக்கும் சின்ன ஊர். அந்த ஊரின் பாதிரியார் கிளின் ஜெமட், திரினிதாதிலிருந்து வந்த கறுப்பர். இந்தக் கரையில் இருக்கும் கறுப்பு ஊர்களை எல்லாம் முதல் முறையாக ஒரே இடத்துக்குக் கூப்பிட்டார். மெஹிக்கோ நெக்ரோ என்ற அமைப்பு அங்கேதான் பிறந்தது. "அதுவரைக்கும் நாங்க பக்கத்து ஊர்க்காரங்களைத்தான் கறுப்புன்னு சொல்வோம். நாங்க மாநிறம், அவங்கதான் கறுப்பு. அவங்க ஊர்ல கேட்டா எங்களைக் காட்டுவாங்க" என்றார். மாநிறம் என்பது என் மொழிபெயர்ப்பு. வேறு எப்படிச் சொல்ல?

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் முதன்முறையாக முழு நாட்டுக்கும் கேள்வி வைத்தார்கள். உங்கள் முன்னோரையும் உங்கள் பழக்கவழக்கங்களையும் வைத்து, உங்களை ஆஃப்ரோ மெக்சிகர், கறுப்பர் அல்லது ஆப்பிரிக்க வழியினர் என்று கருதுகிறீர்களா? ஒரு வீட்டில் ஒருவர் பதில் சொன்னால் போதும், எல்லோருக்கும் அவரே சொல்லலாம். இந்த வீட்டில் வாசலில் இருந்தவர் பாட்டி. கணக்கெடுக்க வந்த பையன் கேள்வியைப் படித்தான். பாட்டி யோசித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து ஆசிரியை கத்தியிருக்கிறார்: "ஆமா! மூணு பேருக்கும் ஆமான்னு போடு!" இப்போதும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார். "எங்கம்மா எழுபத்தாறு வயசுல கறுப்பானாங்க. நான்தான் ஆக்கினேன்."

அந்தக் கணக்கில் ஆமாம் என்றவர்கள் 25,76,213 பேர். நாட்டில் நூற்றுக்கு இரண்டு பேர். கெர்ரேரோ மாநிலத்தில் நூற்றுக்கு எட்டரைக்கு மேல். ஐந்து வருடம் முன்பு 2015இல் மாதிரிக் கணக்கெடுப்பில் கேட்டபோது சுமார் 13.8 லட்சம்தான் வந்தது. ஐந்து வருடத்தில் இத்தனை குழந்தைகள் பிறந்துவிடவில்லை. அடுப்படியிலிருந்து கத்துகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். இடையில் 2019 ஆகஸ்ட்டில் அரசியல் சட்டத்தின் இரண்டாம் பிரிவில் ஆஃப்ரோ மெக்சிகோ மக்கள் இந்த நாட்டின் பன்முகத்தில் ஒரு பகுதி என்று சேர்த்தார்கள். பேரன் அந்தப் பிரிவை வரி பிசகாமல் சொன்னான். அட்டை எடுக்காமல் அகபுல்கோ போவாயா என்று கேட்டேன். "பைத்தியமா" என்றான்.

*

ஊரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. சின்னது, புழுக்கம், ஆனால் நான் பார்த்த பெரிய அருங்காட்சியகங்கள் பலவற்றைவிட நேர்மையானது. அதன் வளாகத்தில் வட்ட வடிவ மண் குடிசைகளை மாதிரிக்குக் கட்டி வைத்திருக்கிறார்கள். ரெதோந்தோ என்று பெயர். கூம்புக் கூரை, களிமண் சுவர். அப்படிப்பட்ட வீட்டில்தான் பாட்டி பிறந்தாராம். "மழைக்காலத்துல நடுவுல உட்கார்ந்தா எந்தப் பக்கமும் மூலை கிடையாது, பேய்க்கு ஒளிய இடமில்ல" என்றார். இப்போது ஊரில் ஒன்றுகூட மிச்சமில்லை. எல்லாம் சிமெண்ட். பாதிக்கு மேல் வடக்கே போன பிள்ளைகள், வட கரோலினாவிலும் கலிபோர்னியாவிலும் உழைத்து அனுப்பிய டாலர்.

தாங்கள் இங்கே எப்படி வந்தோம் என்பதற்குப் பாட்டியிடம் சந்தேகமே இல்லாத பதில் இருந்தது. ஒரு கப்பல் இந்தக் கரையில் உடைந்தது. உள்ளே இருந்தவர்கள் நீந்திக் கரையேறினார்கள். அவ்வளவுதான். "எங்களை யாரும் விற்கல மிஹா." அருங்காட்சியகச் சுவரில் இருப்பது வேறு. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியப் பிரபுக்கள் இந்தக் கரையில் மாட்டுப் பண்ணை வைத்து, மேய்க்கவும் காவலுக்கும் அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். உவாதுல்கோ, அகபுல்கோ துறைமுகங்களிலிருந்தும் கரும்பாலைகளிலிருந்தும் தப்பியோடியவர்கள் இந்தப் புதர்க்காட்டில் அவர்களோடு சேர்ந்தார்கள். இதை நான் பாட்டியிடம் சொல்லவில்லை. ஆசிரியை பலமுறை சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு முறையும் பாட்டி கப்பலை உடைத்துக்கொண்டே இருக்கிறார்.

அக்டோபர் 31 இரவு பிசாசுகள் வந்தன. தெருமுனையில் முதலில் கேட்டது ஒரு உறுமல். புலி மாதிரி. பிறகுதான் பார்த்தேன், சுரைக்குடுக்கையின் வாயில் தோல் கட்டி, அதில் நட்ட குச்சியை மெழுகு தடவிய விரலால் உருவுகிறார் ஒருவர். இன்னொருவர் கையில் கழுதையின் தாடை எலும்பு. தட்டினால் பல்லெல்லாம் கடகடவென்று ஆடும், குச்சியால் இழுத்தால் கரகரக்கும். கூடவே ஒரு மவுத் ஆர்கன். கந்தல் உடை, மான் கொம்பு வைத்த முகமூடி, குதிரை மயிர்த் தாடி, இரண்டு வரிசையாகக் குனிந்து தரை அதிர மிதிக்கிறார்கள். சாட்டையோடு ஒரு கிழவன் அவர்களை அதட்டுகிறான், அது பண்ணை மேஸ்திரி என்கிறார்கள். அவன் பெண்டாட்டி மிங்கா. ஆண்தான் பெண்வேடம் கட்டுகிறான், முகமூடி வெள்ளை. இடுப்பை ஆட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து, ஒரு பொம்மைக் குழந்தையை ஏதாவது ஆம்பளை கையில் திணித்து, "இது உன் பிள்ளைதானே!" என்று கத்துவாள். வெள்ளைக்காரி, கைப்பிள்ளை, அப்பன் யார் என்று தெரியாது. எந்த ஓவியத்தின் அடியிலும் எழுதாத சமன்பாட்டை இவர்கள் தெருவில் நின்று வருடாவருடம் கேட்கிறார்கள். நான் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பொம்மை என் பக்கத்தில் நின்ற பேரன் கைக்குத்தான் வந்தது.

வீடு வீடாக ஆடி, ஒவ்வொரு வீட்டிலும் செத்தவர் படையலுக்கு முன் நின்று, கொடுப்பதை வாங்கிக்கொண்டு போவார்கள். எங்கள் வீட்டில் திச்சிந்தா தமாலே. திச்சிந்தா என்பது காயலில் கிடைக்கும் சின்ன மட்டி. ஓட்டோடு மாவுக்குள் வைத்து வேகவைத்திருப்பார்கள். தெரியாமல் கடித்தால் பல் போகும். எனக்குப் பாதி போயிற்று.

இந்த நாட்டிலேயே வேறு இடங்களிலும் இருக்கிறார்கள். வெராக்ரூஸ் பக்கம் மந்திங்கா, மொகாம்போ என்று ஊர்ப் பெயரே ஆப்பிரிக்காவைச் சொல்லும். வடக்கே கொவாயிலாவில் மஸ்கோகோ மக்கள், 1850இல் அமெரிக்க அடிமைமுறைக்குத் தப்பி எல்லை தாண்டித் தெற்கே வந்தவர்களின் வாரிசுகள். எனக்கு இன்னும் அந்தப் பக்கம் போக வாய்க்கவில்லை.

*

முடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டாம் நாள் மதியம் பாட்டி என்னைப் படிக்கட்டில் உட்காரவைத்துத் தலை வாரினார். "சீனோ" என்றார். மெக்சிகோவில் சுருட்டை முடிக்குச் சீனோ என்றுதான் பெயர், சீனருக்குச் சுருட்டை கிடையாது என்பது யாருக்கும் உறைப்பதில்லை. இன்னும் இறுக்கமாகச் சுருண்டால் இந்தக் கரையில் குகுலுஸ்தே. பேரனுக்கு அது. பள்ளியில் அதற்காக வாங்கிய கேலி போதாதென்று, ஒரு காலத்தில் மொட்டையே போட்டுக்கொண்டானாம்.

சீனோ என்ற சொல்லுக்கு எனக்கு வேறொரு கணக்கு உண்டு. 1565 முதல் 1815 வரை மணிலாவிலிருந்து அகபுல்கோவுக்கு வருடாவருடம் கப்பல் வந்தது. பட்டு, பீங்கான், மிளகு, கூடவே மனிதர்கள். பிலிப்பைன்ஸ்காரர், மலாய்க்காரர், மொசாம்பிக்காரர், போர்ச்சுகீசியர் பிடித்து விற்ற இந்தியர். அப்படி வந்த ஆசிய அடிமைகள் எல்லோருக்கும் காகிதத்தில் ஒரே பெயர், சீனோ. 1672இல் அவர்களை விடுவிக்க அரசர் உத்தரவிட்டார். பூயெப்லா நகரில் 1688இல் புனிதவதி போல மதிக்கப்பட்டு இறந்த கத்தரீனா தெ சான் ஹுவான், இந்தியாவில் சிறுமியாகக் கடத்தப்பட்டவர், பழைய பெயர் மிர்ரா. அவரும் சீனா. மெக்சிகோவின் தேசிய உடை போல ஆகிவிட்ட 'சீனா பொப்லானா' பாவாடைக்கு அவர்தான் மூலம் என்று ஒரு கட்டுக்கதையும் உண்டு.

ஆக, நானூறு வருடம் முன்பு இதே கரையில் இறங்கியிருந்தால் என் பெயர் சீனா. இன்று சந்தையில் மொரேனா. சாவடியில் இந்து. பாட்டி மடியில் தலை வைத்தால் மறுபடி சீனா.

ஸ்பானியம் பழக நான் பழைய புத்தகக் கடையில் படக்கதை வாங்குவேன். அதில் மெமின் பிங்குயின் என்ற கறுப்புச் சிறுவன் வருவான். தடித்த உதடு, உருண்டைக் கண், குரங்குச் சாயல். நல்ல பிள்ளைதான், ஆனால் எல்லோரும் சிரிக்க அவன். 2005இல் அவனுக்கு மெக்சிகோ தபால்தலை வெளியிட்டது. அமெரிக்காவில் கண்டனம் கிளம்பியதும் இங்கே ஜனங்கள் கோபத்தில் வரிசையில் நின்று வாங்கித் தீர்த்தார்கள். எங்கள் செல்லப் பிள்ளையைப் பற்றிப் பேச நீ யார் என்று. அந்தப் புத்தகம் ஒன்று என் பையில் இருந்தது, அதை வெளியே எடுக்காமலே திரும்பிக் கொண்டுவந்தேன். பேரன் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று தெரியும்.

கிளம்புகிற அன்று பாட்டி காய்ந்த ஹமைக்காப் பூவை ஒரு பையில் கட்டிக் கொடுத்தார். நம் புளிச்சக்கீரைக்குச் சொந்தம், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த செடி, ஊறவைத்தால் ரத்தச் சிவப்பில் பானகம். கொடுத்துவிட்டுக் கேட்டார்: "உங்க ஊர்ல உன் நிறத்துக்கு என்ன பேரு?"

"மாநிறம்."

"மானிரா." சொல்லிப் பார்த்தார். "அப்படின்னா?"

"கறுப்பு டோன்யா. ஆனா சொல்ல மனசு வராதப்ப."

பாட்டி அடுப்படிப் பக்கம் திரும்பி, "கேட்டியா, அவங்க ஊர்லயும் மொரேனாதான்!" என்றார். உள்ளேயிருந்து பதில் வரவில்லை, பாத்திரம் மட்டும் கொஞ்சம் சத்தமாக விழுந்தது.

திரும்பும் வேனில் பேரனும் வந்தான், அகபுல்கோவில் அவனுக்கு வேலை. பின்சீட்டில்தான் இடம் கிடைத்தது. சாவடி வருவதற்கு ஒரு மைல் இருக்கும்போதே அவன் தேசிய கீதத்தை மெல்ல முணுமுணுக்க ஆரம்பித்தான். தொண்டையைச் சரிசெய்வது போல. முன்வரிசைக் கிழவர் ஒருவர் திரும்பிப் பார்த்து, சுருதி தப்பு என்றார். வேனே சிரித்தது. வளைவு திரும்பினால் பந்தலில் யாரும் இல்லை. காற்றில் தார்ப்பாய் ஒரு பக்கம் அவிழ்ந்து படபடத்துக்கொண்டிருந்தது, நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். ஓட்டுநர் பழக்கதோஷத்தில் வேகத்தைக் குறைத்தார். பேரன் ஒரு கையால் சட்டைப்பையில் அட்டையைப் பிடித்துக்கொண்டே இருந்தான்.